கவுன்சலிங் அக்கா மாற்றிய வரிசை

குமணன்சாவடியில் இறங்கி மாங்காட்டுச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால், மருந்துக்கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் எழிலரசியின் நெட் சென்டர். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷனுக்கு ஒரு பெட்டி. வருமானச் சான்று, பட்டா நகல், கரண்ட் பில் என்று வருஷம் முழுக்கச் சாதுவாக ஓடுகிற கடைதான். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் மட்டும் அதற்குச் சாமி வந்துவிடும். திருவேற்காட்டிலிருந்தும் நசரத்பேட்டையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, "கவுன்சலிங் அக்கா கடை எது?" என்று மருந்துக்கடைக்காரரின் உயிரை எடுப்பார்கள்.

இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வேண்டும். கெடு முடிந்ததும் கம்ப்யூட்டர் ரேங்க்படி ஒவ்வொரு பிள்ளையின் பட்டியலையும் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். எந்த இடம் முதலில் காலியாகக் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அதற்குக் கீழே என்ன எழுதியிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இந்த ஒரு விஷயம் புரியாமல் வரிசையைக் கோட்டை விட்டவர்கள் அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் உண்டு. எழிலரசி கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூடக் கிடையாது. பதினோரு வருஷமாக ஒரு புகார் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

அவள் வைத்திருந்த சட்டங்கள் இரண்டே இரண்டு. பிள்ளை பட்டியல் போடும்போது அப்பா அம்மா கடைக்குள் இருக்கக்கூடாது. "நீங்க போயி ஒரு டீ சாப்ட்டு வாங்க" என்று எதிர்க் கடையைக் காட்டிவிடுவாள். முணுமுணுக்கிற அப்பாவையும் கண்ணைக் கசக்குகிற அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்கு விரல் நகரும்? இன்னொரு சட்டம், கடைசியில் லாக் பட்டனைப் பிள்ளைதான் அழுத்த வேண்டும். "நாலு வருஷம் நீதான படிக்கப் போற? நீயே அமுத்து" என்று மவுஸை அதன் பக்கம் தள்ளிவிடுவாள். ஒரு தடவை அழுத்திவிட்டால் அந்த வரிசையைப் பிரம்மாவாலும் மாற்ற முடியாது.

இப்பேர்ப்பட்டவள்தான் சொந்த மகன் விஷயத்தில் அந்த இரண்டு சட்டத்தையும் ஒரே மத்தியானத்தில் மீறினாள்.

மகன் அஸ்வினுக்கு நல்ல கட் ஆப். ஆனாலும் நகரத்துக்குள் இருக்கும் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகத்துக்கு எட்டாது. சும்மா ஒரு நப்பாசைக்கு முதல் நாலு இடத்தில் அங்குள்ள நாலு பாடங்களைப் போட்டான். ஐந்தாவது இடத்தில், அதே பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகம், எலக்ட்ரானிக்ஸ். ஆறாவது இடத்தில் காஞ்சிபுரம் வளாகம், அதே எலக்ட்ரானிக்ஸ். அவன் ரேங்குக்கு இந்த இரண்டில் எது மேலே இருக்கிறதோ அது கிடைத்துவிடும். போன வருஷங்களின் கணக்கெல்லாம் எழிலரசிக்கு மனப்பாடம். அவளுக்குத் தெரியாதா?

"காஞ்சிபுரம்னா இங்கியே பஸ் ஏறி, சாயங்காலம் ஊட்டுக்கு வந்துடலாமேடா" என்று ஒரு நாள் சோறு போடும்போது மெதுவாக விட்டுப்பார்த்தாள்.

"அதான்மா வேணாங்கறேன். பொறந்ததுலேர்ந்து இந்த ரோட்ட விட்டு நான் எங்க போயிருக்கேன்? நாலு வருஷம் நானா இருந்து பாக்கறேனே."

அவன் கேட்டதில் தப்பே இல்லை. அப்பா மனோகரன் டிரைலர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் எட்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். கேஸ் சிலிண்டரை உருட்டி வைப்பது, தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, மாலையில் கடையில் உட்காருவது என்று பத்தாம் வகுப்பிலிருந்தே அஸ்வின்தான் அந்த வீட்டின் ஆண்பிள்ளை. ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. இப்போதுதான், முதல் தடவையாக, தனக்கென்று ஒன்றைக் கேட்டிருந்தான்.

கெடுவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குள் லாக் செய்ய வேண்டும். அன்று காலையில் கோவில்பதாகையில் அவன் நண்பன் சந்தோஷ் வீட்டுக் கிரகப்பிரவேசம். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே அஸ்வின் சொன்னான்.

"லிஸ்ட்டு ரெடியா கீதும்மா. நீயே லாக் பண்ணிடு. ஓடிபி உன் நம்பருக்குத்தான வருது? ஊருக்கே நீதான் பண்ற, எனக்குப் பண்ண மாட்டியா?"

நீ வந்து அழுத்து என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வேறு யார் பிள்ளையாவது இருந்தால் சொல்லியிருப்பாள். "சரிடா" என்றாள்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது கூடத்து மூலையில் அந்த நீல பக்கெட்டைப் பார்த்தாள். பூந்தமல்லி பஜாரில் வாங்கி வந்திருக்கிறான். வயிற்றுப் பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் தன் பெயரை எழுதியிருந்தான். உள்ளே ஒரு மக்கு, சோப்பு டப்பா, துணி காயப்போட நைலான் கயிறு, சின்னதாக ஒரு பூட்டு. சீட்டு கிடைப்பதற்கு முன்பே ஹாஸ்டலுக்கு மூட்டை கட்டிவிட்டான். எழிலரசி அந்தப் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தட்டில் போட்ட சோறு அப்படியே ஆறிப்போயிற்று.

வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் உண்மை இதுதான்: நாற்பத்திரண்டு வயதுவரை எழிலரசி ஒரு வீட்டில் தனியாகப் படுத்தது கிடையாது. திருவேற்காட்டில் ஒரே அறையில் ஏழு பேர். அப்பா அம்மா இருவரும் வயல் வேலைக்குப் போனவர்கள். வயல் பிளாட்டானதும் அப்பா அதே இடத்தில் வந்த அடுக்குமாடிக்கு வாட்ச்மேன் ஆனார். கல்யாணமாகி வந்த வீட்டிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. தனிக்குடித்தனம் வந்தபோது இடுப்பில் அஸ்வின் இருந்தான். முந்நூறு பேருக்கு வெளியூர்க் கல்லூரிக்கு வழி காட்டியவளுக்கு, அந்த வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்காருவதை நினைத்தாலே பயமாக இருந்தது.

கடைக்கு வந்தாள். மணி மூன்றே முக்கால். கூட்டம் இல்லை. அவன் பக்கத்தைத் திறந்தாள். ஆறாவது வரிக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறி இருந்தது. ரெண்டும் ஒரே யுனிவர்சிட்டி, சர்டிபிகேட்டில் ஒரே பெயர்தானே, ஒரே பாடம்தானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். பிள்ளைக்குக் கேட்ட இடம் கிடைக்காத பெற்றோர்களைத் தேற்ற அவளே எத்தனையோ முறை சொன்ன வசனம் அது. அம்புக்குறியை ஒரே ஒரு தடவை அழுத்தினாள். காஞ்சிபுரம் ஐந்துக்கு ஏறியது, திருநெல்வேலி ஆறுக்கு இறங்கியது. போனில் ஓடிபி வந்தது. போட்டாள். லாக் ஆகிவிட்டது.

அப்புறம் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவருக்கு ரேஷன் கார்டின் ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

சனிக்கிழமை காலையில் ஒதுக்கீடு வந்தது. காஞ்சிபுரம். அஸ்வின் கடைக் கம்ப்யூட்டரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா இது? திருநெல்வேலி முடிஞ்சிடுச்சா?"

"முடிஞ்சிருக்கும்டா. இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி" என்றாள் எழிலரசி, அவன் பக்கம் திரும்பாமல்.

இதோடு போயிருந்தால் அவள் ஒருவேளை அந்தப் பொய்யோடு குடித்தனம் நடத்தப் பழகியிருப்பாள். ஆனால் பதினோரு மணிக்கு சுவேதா வந்தாள். திருவேற்காட்டு பிளாட் ஒன்றில் இருக்கும் பெண். அம்மா அப்பா இருவரும் தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். அவளுடைய பட்டியலும் இந்தக் கடையில் போட்டதுதான். அம்மா கையில் ஒரு ஸ்வீட் பாக்கெட்.

"உங்களாலதாங்க கெடச்சுச்சு. அவ ஆசப்பட்ட மாதிரியே திருநெல்வேலி, எலக்ட்ரானிக்ஸ். அன்னைக்கு எங்கள டீ குடிக்க அனுப்பிட்டீங்களே, நல்லவேளை. நான் கூட இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்று அந்த அம்மா சிரித்தார்.

எழிலரசிக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஸ்வீட்டை வாங்கி மேசைமேல் வைத்தாள். அஸ்வின் சுவேதாவுக்குக் கைகொடுத்து வாழ்த்தினான். ரேங்க் என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள். அவனுக்குப் பின்னால் நூற்றுச் சொச்சம் இடம் தள்ளி. இருவருக்கும் கோட்டாவும் ஒன்றே.

அவர்கள் போன பிறகு அவன் லாக் ஆன பட்டியலைத் தரவிறக்கிப் பார்த்தான். எழிலரசி ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து, துடைக்க ஒன்றுமில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதோ கேட்கப்போகிறான் என்று காத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

"மா... தப்பு என்னோடதுதான்" என்றான் அஸ்வின். "காஞ்சிபுரம் அஞ்சுல கீது. அன்னிக்கு போன்ல லிஸ்ட்ட நோண்டிக்கினு இருந்தேன்ல, அப்ப விரல் பட்டு மாறியிருக்கு. நான் பாக்காம சேவ் பண்ணியிருக்கேன்."

அவள் மெஷினின் மூடியைச் சாத்தினாள்.

"நீ பீல் பண்ணாதம்மா. நான் ரெடின்னு சொன்னதாலதான நீ பாக்காம லாக் பண்ண? உன் மேல தப்பு இல்ல." பட்டியலை மூடிவிட்டு, "அப்வேர்ட் குடுத்தா திருநெல்வேலி வருமா?" என்று கேட்டான். கிடைத்த இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதைவிட மேலே உள்ளதற்குக் காத்திருக்கிற வழிக்கு அந்தப் பெயர்.

"கீழ கீறது மேல வராதுடா" என்றாள் எழிலரசி. பதினோரு வருஷமாக எல்லோருக்கும் சொல்லும் பதிலை அவனுக்கும் சொன்னாள். அந்த ஒன்றாவது உண்மை.

கிடைத்ததை ஏற்றுக்கொள்ளவோ மறுக்கவோ ஞாயிறு மாலை ஐந்து மணிவரை அவகாசம் இருந்தது. மறுத்தால் அடுத்த சுற்றில் புதிதாகப் பட்டியல் போடலாம். ஆனால் அதற்குள் நல்ல இடங்கள் போய்விடும், இருப்பதும் கைவிட்டுப் போகலாம். தன் தப்பு என்று நினைக்கிறவன் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டு போய்விடுவான். இன்னொருவர் செய்தது என்று தெரிந்தால்தான் துணிந்து மறுப்பதா வேண்டாமா என்றே யோசிப்பான். ஆகவே அவள் சொல்ல வேண்டிய உண்மைக்கும் ஞாயிறு ஐந்து மணிதான் கெடு. அதற்கு அப்புறம் சொன்னால் அவள் மனபாரம் இறங்குமே தவிர, அவனுக்குச் சல்லிக்காசு பிரயோஜனமில்லை. இது அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சனிக்கிழமை முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டாவது சுற்றுக்கு விவரம் கேட்டு ஒரு பையன் வந்தான். அஸ்வின் எழுந்து அவனுக்கு நாற்காலி போட்டான்.

"ஒண்ணு சொல்றேன் மச்சான், கேட்டுக்கோ. போன்ல மட்டும் லிஸ்ட்ட தொடாத. நான் அப்டிதான் நோண்டி, கெடைக்க வேண்டிய சீட்ட தொலச்சிட்டு உக்காந்துகினு கீறேன். இங்க வந்து எங்கம்மா முன்னாடி பண்ணு. எங்கம்மா கைல குடுத்தா ஒண்ணும் தப்பாவாது."

அந்தப் பையன் பயபக்தியோடு எழிலரசியைப் பார்த்துத் தலையாட்டினான். இதற்கு மேல் அவளால் முடியவில்லை. பையனை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

"அஸ்வினு. நீ நோண்டல. நான்தான் மாத்துனேன்."

அவன் புரியாமல் பார்த்தான்.

"வெள்ளிக்கிழம, லாக் பண்றதுக்கு முன்னாடி. நான்தான் காஞ்சிபுரத்த மேல ஏத்துனேன். தெரிஞ்சே பண்ணேன்."

பிரியாணிக் கடையில் தவா தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அஸ்வின் கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தினால் தேவலை போலிருந்தது. அவன் கத்தவில்லை.

"ஏம்மா?"

"அந்த பக்கெட்ட பாத்தேன்டா." அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஊட்ல ஒண்டியா இருக்க பயமா கீது. வேற ஒண்ணும் இல்ல. உன் படிப்புக்காக, நல்லதுக்காகன்னு சொன்னா பொய்யி. எனக்காகத்தான் பண்ணேன்."

அவன் மேசைமேல் இருந்த ஸ்வீட் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை இன்னும் யாரும் பிரிக்கவில்லை.

"இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். கவுன்சலிங் அக்காவா சொல்லு. அம்மாவா சொல்லாத. இத்த வேணான்ட்டு அடுத்த ரவுண்டு போனா திருநெல்வேலி கெடைக்குமா?"

எழிலரசி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த ஒரு தடவையாவது பொய் சொல்லக்கூடாது. "கெடைக்காது. எலக்ட்ரானிக்ஸ்ல மிச்சம் ஒண்ணு ரெண்டு இருந்தா உண்டு. அதுலயும் உன் கோட்டால இருக்கணும்."

"காஞ்சிபுரம்?"

"அதுவும் போயிடலாம்."

"சரி" என்றான் அஸ்வின். நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் பக்கத்தில் வந்து நிற்கப்போனபோது, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்: "நீ போயி ஒரு டீ சாப்ட்டு வாம்மா."

எத்தனை அப்பாக்களையும் அம்மாக்களையும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறாள். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. அவளும் குனிந்து ஷட்டருக்கு வெளியே வந்து, சாலையைக் கடந்து, டீக்கடையில் நின்றாள். டீ வாங்கினாள், குடிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் பாதி ஷட்டருக்குக் கீழே அவனுடைய செருப்புக் கால் மட்டும் தெரிந்தது. நாலரைக்கு அவள் போன் அதிர்ந்தது. ஓடிபி. ஏற்றுக்கொண்டானா மறுத்தானா என்று அந்தச் செய்தியில் இல்லை, ஆறு எண்கள் மட்டும் இருந்தன. ஓடிப்போய் ஷட்டருக்கு வெளியிலேயே நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். அவன் உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. என்ன செய்தாய் என்று கேட்க அவளுக்கு உரிமை இல்லை.

அவனே வெளியே வந்து சொன்னான். "அக்செப்ட் பண்ணிட்டேன். காஞ்சிபுரம்தான்."

எழிலரசிக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது.

லாரியோடு எங்கோ நாக்பூர் பக்கம் இருந்த மனோகரனிடம் அவளே போன் செய்து நடந்ததைச் சொன்னாள். அவர், "பையன் இன்னா சொன்னான்?" என்று மட்டும் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அதுதான் உண்மை. அஸ்வின் அதற்கப்புறமும் சிலிண்டரை உருட்டி வைத்தான், தண்ணீர் பிடித்தான், கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னான். கடையில் மட்டும் உட்காரவில்லை.

அடுத்த வாரம் காஞ்சிபுரம் போய்க் கல்லூரியில் சேர்ந்துவிட்டு வந்தான். சாப்பிடும்போது சொன்னான்.

"ஹாஸ்டல் போட்டுட்டேன்மா."

"காஞ்சிபுரத்துக்கா? ஒண்ணரை மணி நேரம்தானேடா!"

"ஆமா" என்றான். ரசத்தை ஊற்றிக்கொண்டு, "போன் நம்பரும் மாத்திக் குடுத்துட்டேன். இனிமே ஓடிபி எனக்கே வரும்" என்றான். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள், காலில்கூட விழுந்திருப்பாள். ஒன்றும் செய்ய வழியில்லாமல் அவனுக்கு அப்பளம் எடுத்து வைத்தாள்.

ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை காலை. குமணன்சாவடி நிறுத்தத்தில் காஞ்சிபுரம் பஸ்ஸுக்கு நின்றார்கள். தோளில் ஒரு பை, கையில் அந்த நீல பக்கெட். பக்கெட்டை அவள் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். "இருக்கட்டும்மா" என்றான். பஸ் வந்தது.

"சனிக்கிழம வருவியா நைனா?"

"பாக்கலாம்மா."

படியில் ஏறி, பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் நகரும்போது கையை அசைத்தான். அதற்கே அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திருநெல்வேலிக்குப் போயிருந்தால் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஓடோடி வந்திருப்பான். ஆசைப்பட்ட இடத்துக்கு அனுப்பிவைத்த அம்மாவைப் பார்க்க வந்திருப்பான். பக்கத்து ஊரில் இருக்கிறவன் எப்போது வருவானோ தெரியாது.

கடைக்குத் திரும்பியபோது வாசலில் ஒருவர் காத்திருந்தார். பூந்தமல்லி ஷேர் வேன் ஓட்டுகிறவர், பெயர் கோவிந்தன். மூன்றாவது சுற்றுக்கு அன்றுதான் கடைசி நாள்.

"வா எழிலு. பொண்ணு லிஸ்ட்டு எல்லாம் போட்டு வெச்சிட்டா. இந்தா பாஸ்வேர்டு, இந்தா போனு. அவ ஊட்ல தூங்கிகினு கீறா. நீயே ஒரு தபா பாத்து, தேவப்பட்டா மேல கீழ மாத்தி, லாக் பண்ணிடு. உனக்குத் தெரியாததா?"

எழிலரசி ஷட்டரைத் தூக்கினாள். அவர் நீட்டிய காகிதத்தை வாங்கவில்லை.

"பொண்ண கூட்டினு வாண்ணா."

"அட, எனக்கு சவாரிக்கு டைமாவுது. நீ பண்ணா இன்னா, அவ பண்ணா இன்னா?"

"போயி எழுப்பிக் கூட்டினு வா. சாயந்திரம் வரைக்கும் நான் இங்கியேதான் கீறேன். ஊட்ல எனக்காக யாரும் இல்ல" என்றாள் எழிலரசி. கோவிந்தன் ஒன்றும் புரியாமல் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளைக் கூட்டிவர வண்டியைத் திருப்பினார்.